அளவு சரி

மார்ச் 3, திங்கள்

நாளை வண்டியை எடுக்கும் ஓட்டுநர் கவனத்திற்கு.

(அதாவது உனக்கு.)

இந்த நோட்டு இன்று முதல் டேஷ்போர்டு அறையில் இருக்கும். திங்கள், புதன், வெள்ளி நான் ஓட்டும் நாள். செவ்வாய், வியாழன், சனி நீ ஓட்டும் நாள். வண்டியை ஷெட்டில் விட்டதும் எழுத வேண்டியவை: கிளம்பும்போது இஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் டேங்கில் அளவு எவ்வளவு, மேட்டில் டெம்பரேச்சர் முள் எங்கே நின்றது, வேறு ஏதாவது சத்தம், புகை, வாசனை.

வேறு எதுவும் எழுத வேண்டாம். நலம் விசாரிக்க வேண்டாம். மன்னிப்பு வேண்டாம். பொம்மை வரைய வேண்டாம்.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். என்னிடம் போன் இல்லை. ஏன் இல்லை என்பது உனக்குத் தெரியும். நான் கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கையை வேகவைத்துக்கொண்டு, ரோட்டில் குதித்த பன்னிரண்டு செகண்டை நீ படம் எடுத்து, சிரிப்புச் சத்தம் சேர்த்துப் போட்டாய். நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். வண்டியின் பக்கத்தில் பெயின்ட்டில் எழுதிய என் நம்பரும் அதில் பளிச்சென்று தெரிந்தது. ராப்பகலாக போன். "சுடுதண்ணி ரெடியா அண்ணே?" நீ வீடியோவை அழித்துவிட்டாய், சரி. அதற்குள் ஆளாளுக்கு எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஷெட்டில் இன்றும் என் பெயர் சுடுதண்ணி. அதனால்தான் சிம்மைக் கழற்றினேன், வீட்டை விட்டு ஷெட் மாடிக்கு வந்தேன். நான்கு மாதத்தில் கை ஆறிவிட்டது. மற்றது ஆறவில்லை.

ஆனால் வண்டி பொது. பன்னிரண்டு பேர் டயாலிசிஸுக்கு இந்த ஒரு வண்டியில்தான் போகிறார்கள். என் நாளில் ஆறு பேர், உன் நாளில் அம்மாவோடு சேர்த்து ஆறு பேர். மலை மேல் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அதற்காக எழுதுகிறேன்.

இன்று: கூலன்ட் அளவு சரி. மேட்டில் முள் நடுவைத் தாண்டி இரண்டு கோடு மேலே. வழக்கமாக நடுவில்தான் நிற்கும். கவனிக்கவும்.

— ஓட்டுநர்


மார்ச் 4, செவ்வாய்

அண்ணா!!

"ஓட்டுநர் கவனத்திற்கு"ன்னு ஆரம்பிச்சுட்டு அடைப்புக்குறிக்குள்ள "உனக்கு"ன்னு எழுதிருக்க பாரு, அந்த அடைப்புக்குறியை நான் எத்தனை தடவை படிச்சேன் தெரியுமா? நாலு மாசத்துல நீ எனக்கு எழுதின முதல் வார்த்தை அது. சரி சரி, வண்டி விஷயம் மட்டும். பொம்மை வரையல. வரைய கை துறுதுறுங்குது, ஆனா வரையல.

கிளம்பும்போது அளவு சரி. கோட்டுல கரெக்டா நின்னுச்சு.

முள்ளு விஷயம். அண்ணா, அந்த முள்ளை நம்பாத! நம்ம வண்டியோட மீட்டர் சோம்பேறி. எண்பத்தஞ்சு டிகிரியா இருந்தாலும் நடுவுல நிக்கும், தொண்ணூத்தஞ்சா இருந்தாலும் நடுவுல நிக்கும். நூறு தாண்டினா தான் மெதுவா எந்திரிச்சு என்னன்னு கேக்கும். நான் ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கற சாக்கெட்டுல தீப்பெட்டி சைஸுக்கு ஒரு ரீடர் செருகிருக்கேன். இஞ்சினோட நிஜமான டெம்பரேச்சர் போன்ல நம்பராவே வரும். திட்டாத. வயரை எதுவும் வெட்டல, ஒரு ஸ்க்ரூ கூடக் கழட்டல.

இன்னைக்கு நம்பர்: சமதரையில 89. மேடு ஏற ஆரம்பிச்சதும் 94. கொண்டை ஊசி வளைவுல 98. இறக்கத்துல திரும்ப 88. நான் ராத்திரி பகலா படிக்கற டீசல் வண்டிக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் சொன்னார், மேட்டுல பத்து டிகிரி ஏறினா அப்பவே முழிச்சுக்கணும்னு.

அம்மா நல்லா இருக்கா. நலம் விசாரிக்கக் கூடாதுன்னு தான சொன்ன, சொல்லக் கூடாதுன்னு சொல்லலையே. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணி தான் குடிக்கணும்னு டாக்டர் சொல்லிருக்கார். அவ சீட்டுக்கு அடியில ஒரு லிட்டர் பாட்டில் ஒளிச்சு வெச்சிருந்தா. பிடுங்கிட்டேன். "அந்தப் பய இருந்தா இப்படிப் பிடுங்குவானா"ன்னா. அந்தப் பய நீ தான்.

— கொசு


மார்ச் 5, புதன்

பேசிக்கொண்டே இருக்கிறாய் என்று சின்ன வயதில் நான் வைத்த பெயரை நீ கையெழுத்தாகப் போடத் தேவையில்லை.

அந்தத் தீப்பெட்டியைப் பார்த்தேன். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது. பேட்டரி இறங்கினால் உன்னைத்தான் கேட்பேன். பத்து வருஷமாக நான் பானெட் மேல் கை வைத்தே இஞ்சின் சூடு சொல்வேன். (சிரிக்காதே. மூடியைத் திறந்தது வேறு. அன்றைக்கு அம்மா வண்டியில் மயக்கமாக இருந்தாள், எனக்கு அவசரம்.)

இன்று: அளவு சரி. முள் மூன்று கோடு மேலே. ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறது, கேட்டுப் பார்த்தேன். பெல்ட் இறுக்கம் சரி. கீழே ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை, அட்டை விரித்து ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தேன். ஹோஸ் எல்லாம் காய்ந்திருக்கிறது. அளவும் குறையவில்லை, ஒழுகவும் இல்லை, பிறகு ஏன் சூடு?

ஒருவேளை நீ ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே இழுத்து அடிக்கிறாயா? வீடியோ பார்த்து வண்டி ஓட்டக் கற்றவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

பாட்டில் பிடுங்கியது சரி. அவள் கைப்பையிலும் ஒன்று வைத்திருப்பாள். பார்.

— ஓட்டுநர்


மார்ச் 6, வியாழன்

அண்ணா,

கைப்பையில இருந்துச்சு!! எப்படித் தெரியும் உனக்கு?

மூணாவது கியர்ல இழுக்கல. ரெண்டுல தான் ஏத்தறேன், நீ எங்கிட்ட ஒரே ஒரு தடவை சொன்ன, "இஞ்சின் பாடணும், முனகக் கூடாது"ன்னு. அதை எந்த வீடியோவுலயும் நான் பாக்கல. உன் வாயில தான் கேட்டேன்.

அளவு சரி. ஆனா இன்னைக்கு நம்பர் நல்லா இல்ல. சமதரையில 92. மேட்டுல 101. கொண்டை ஊசி வளைவுல 104. நூத்தி நாலு அண்ணா! போன் செவப்பாயிடுச்சு. பின்னாடி ஆறு பேரு. வண்டியை நிறுத்தினா லேட், லேட்டானா மெஷின் நேரம் போயிடும். அப்பத்தான் குரூப்ல படிச்சது ஞாபகம் வந்துச்சு. வண்டிக்குள்ள இருக்கற ஹீட்டரைப் போடணும், ஃபுல்லா. இஞ்சின் சூட்டுல கொஞ்சத்தை உறிஞ்சி உள்ள தள்ளிடும். போட்டேன். 104 லேர்ந்து 99க்கு இறங்குச்சு!

ஆனா உள்ள இருக்கற ஆறு பேரும் வெந்துட்டாங்க. கொளுத்தற வெயில்ல ஹீட்டர்! பேங்க் மேடம் "பாப்பா, நீ எங்களை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறியா, வேகவைக்கக் கூட்டிட்டுப் போறியா?"ன்னு கேட்டாங்க. அம்மா மட்டும் கண்ணை மூடிக்கிட்டு, "பரவால்ல, வேர்வையில கொஞ்சம் தண்ணி போகட்டும், அப்ப நான் கொஞ்சம் குடிச்சுக்கலாம்"னா.

ரேடியேட்டர் இடுக்கெல்லாம் பூச்சி, தூசி. பைப் வெச்சு அடிச்சுக் கழுவினேன். அடுத்து தெர்மோஸ்டாட்டா இருக்கும்னு நெனக்கிறேன். அது தான் கூலன்டுக்குக் கதவு. கதவு பாதியில சிக்கிட்டா, டேங்க் நெறைய இருந்தாலும் உள்ள ஓடாது. ப்ளீஸ் மாத்திடு. உன் கையால. நான் மாத்தினா நீ தூங்க மாட்ட.

— கொசு


மார்ச் 7, வெள்ளி

தெர்மோஸ்டாட் மாற்றினேன். பழையதை வெந்நீரில் போட்டுப் பார்த்தேன், ஒழுங்காகத்தான் திறந்தது. அதில் கோளாறு இல்லை. இருந்தாலும் புதுசு போட்டாச்சு.

நானும் இன்று ஹீட்டர் போட்டேன். ஓட்டும்போது போனைப் பார்க்க முடியாது, என்னிடம் போனும் இல்லை, முள்ளை வைத்துத்தான் சொல்கிறேன்: சிவப்புக்கு ஒரு விரல் கீழே. அளவு சரி.

மெக்கானிக் வந்து பார்த்தார். புகைபோக்கியில் கை வைத்து முகர்ந்தார். முகம் சரியில்லை. ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம் என்கிறார். உன் குரூப்பில் படித்திருப்பாய். இஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் தகடு. அது கிழிந்தால் கூலன்ட் வெளியே ஒழுகாது, உள்ளுக்குள்ளேயே எரிந்து போகும். ஆனால் அவரே குழம்புகிறார். "கேஸ்கெட் போனா தண்ணி குறையணுமேப்பா, நீ அளவு சரின்னு எழுதி வெச்சிருக்க, உன் தங்கச்சியும் எழுதி வெச்சிருக்கா." நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

கேஸ்கெட் என்றால் வண்டி ஆறு நாள் நிற்க வேண்டும். தலையைக் கழற்றி, மட்டம் பார்க்க வெளியே அனுப்பி, திரும்பி வந்து பூட்டி. ஆறு நாள் என்றால் ஒவ்வொருவருக்கும் இரண்டு, மூன்று தடவை போய்விடும். என் ஆறு பேரில் வாத்தியார் போன வருஷம் இரண்டே தடவை டயாலிசிஸை விட்டார். நெஞ்சில் தண்ணீர் கோத்து, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். கனமே இல்லை அந்த மனுஷன், ஆனால் அன்றைக்கு அவ்வளவு கனம்.

டயாலிசிஸ் சென்டரின் சொந்த வண்டி போன வருஷத்தோடு நின்றுவிட்டது. பஸ் மேலே வராது. நிறுத்து என்று சொல்வது சுலபம் கொசு. யாரை நிறுத்துவது?

— அண்ணன்


மார்ச் 8, சனி

அண்ணா,

"ஓட்டுநர்" போயி "அண்ணன்" வந்திருக்கு. அதைக் கொண்டாட முடியாத மாதிரி ஒண்ணு சொல்லணும். மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன், நோட்டுல மூணு பேப்பர் கம்மியா இருக்கும் பாரு.

அளவு சரின்னு நான் எழுதினது பொய்.

கிளம்பும்போது சரியா தான் இருக்கும், அது நிஜம். ஆனா மேல போய்ச் சேந்து, ரெண்டு மணி நேரம் இஞ்சின் ஆறினப்புறம் மூடியைத் திறந்தா கோட்டுக்கு ரொம்பக் கீழ இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் ஊத்தறேன். வெறும் தண்ணி. அம்மாகிட்டப் பிடுங்கின பாட்டில் தண்ணி. அம்மாவுக்குத் தண்ணி ஏறக் கூடாது, வண்டிக்குத் தண்ணி இறங்கக் கூடாது, நடுவுல நான் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு அலையறேன்.

ஏன் மறைச்சேன்னா, நீ ஓட்டற நாள்ல குறையவே இல்லன்னு எழுதற. அப்போ நான் ஓட்டறதுல தான் ஏதோ தப்புன்னு நெனச்சேன். "வீடியோ பார்த்து ஓட்டக் கற்றவர்கள்"னு நீ எழுதிடுவன்னு பயம். எழுதியும் இருந்த. எங்கிட்ட இருந்து வண்டியை வாங்கிட்டன்னா, அம்மாவை யாரு கூட்டிட்டுப் போவா? அதை விட, உங்கிட்டப் பேச எனக்கு இருக்கறது இந்த நோட்டு மட்டும் தான். அதுவும் போயிடுமேன்னு.

இன்னைக்கு 106. ஹீட்டர் போட்டும் 106.

என்ன வேணா திட்டு. ஆனா இந்த நோட்டுலயே திட்டு.

— உன் கொசு


மார்ச் 10, திங்கள்

கொசு,

நேத்து பூரா இதைப் படிச்சுட்டு மாடியில உக்காந்திருந்தேன். இனிமே நல்ல தமிழ்ல எழுத என்னால ஆகாது. வாய்ல வர மாதிரியே எழுதறேன்.

நானும் பொய் தான் எழுதினேன்.

என் நாள்லயும் குறையுது. ஆரம்பத்துலேர்ந்தே. சாயங்காலம் ஷெட்டுக்கு வந்து, இஞ்சின் ஆறற வரைக்கும் காத்திருந்து, ஒரு லிட்டர் கூலன்ட் ஊத்திக் கோட்டுக்குக் கொண்டு வந்துட்டு, அப்புறம் தான் "அளவு சரி"ன்னு எழுதுவேன். நீ காலையில பாக்கும்போது நெறைஞ்சிருக்கணும். ஏன்னா குறைஞ்சிருந்தா நீ வழியில நிறுத்தி மூடியைத் திறப்ப. உனக்குக் கையும் நிக்காது, வாயும் நிக்காது. என் கை எப்படி வெந்துதுன்னு எனக்குத் தெரியும். தோல் கையுறை மாதிரி உரிஞ்சு வந்துச்சு கொசு. வீடியோவுல அது தெரியல. உன் மூஞ்சியில அது அடிச்சா எப்படி இருக்கும்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வராது. அதான் நெறைச்சு வெச்சேன். சொன்னா பாசம் காட்டற மாதிரி ஆயிடும்னு சொல்லல. கோவமா இருக்கறவன் பாசம் காட்டினா என்ன மரியாதை.

ஆக நீ ஒரு லிட்டர், நான் ஒரு லிட்டர். ரெண்டு நாளைக்கு ரெண்டு லிட்டர் இந்த வண்டி குடிக்குது, நாம ரெண்டு பேரும் சேந்து நோட்டை ஏமாத்திருக்கோம். அந்த மெக்கானிக் மனுஷன் நம்ம பொய்யைப் புரட்டிப் புரட்டிப் பாத்துக் குழம்பிட்டு இருந்தார். உண்மையை எழுதியிருந்தா போன வாரமே சொல்லியிருப்பார்.

இனிமே ஒளிச்சு ஊத்தற வேலை வேணாம். அதனால இன்னைக்கு நான் ஊத்தல. டேங்கை அப்படியே விட்டிருக்கேன். காலையில நீயே பாரு, எவ்வளவு குறையுதுன்னு கண்ணால பாத்து உண்மையை எழுது. நாளைக்கு நான் விடியறதுக்கு முன்னாடியே லோடு இறக்கப் போறேன், சாயங்காலம் தான் வருவேன்.

இன்னைக்குப் போகும்போது பாதி மேட்டுல சிவப்பைத் தொட்டுடுச்சு. ஒரு மணி நேரம் நிறுத்தி ஆற வெச்சேன். மூடியைத் தொடல. லேட்டாயிடுச்சு, வாத்தியாருக்கு நாலு மணி நேரத்துக்குப் பதில் ரெண்டு மணி நேரம் தான் மெஷின் குடுத்தாங்க. கால் வீங்கித் தான் இருக்கு. புதன்கிழமை முழுசா ஓட்டியாகணும்னு நர்ஸ் சொன்னாங்க.

ஆனா ஒரு நல்ல சேதி. திரும்பக் கிளம்பி மேலே ஏறும்போது, கடைசி வளைவுல முள்ளு தானா இறங்கிடுச்சு! சிவப்புகிட்ட இருந்தது அப்படியே விழுந்து நடுவுக்கும் கீழ போயிடுச்சு. ஹீட்டர்ல கூட சூடு நின்னு பச்சைக் காத்து தான் வந்துச்சு. இழுவை மட்டும் கொஞ்சம் கம்மி, லோடுன்னு நெனச்சேன். ஏதோ அடைப்பு விலகிடுச்சு போல. ரொம்ப நாள் கழிச்சு மூச்சு விட்டேன்.

— அண்ணன்


மார்ச் 11, செவ்வாய், மதியம்

அண்ணா,

இது நோட்டுலேர்ந்து கிழிச்ச பேப்பர். சென்டருக்குத் தண்ணி கொண்டு வர்ற லாரிக்காரர்கிட்டக் குடுத்து விடறேன். அவர் கீழ வந்து தண்ணி ரொப்பிக்கிட்டு, சாயங்காலம் திரும்ப மேல வருவார். பதில் அவர்கிட்டயே குடு. மெக்கானிக்குக்குப் போன் அடிச்சேன், இன்னைக்குக் கடை லீவு. உனக்கு அடிக்க நம்பர் இல்ல. அந்த நம்பரை இல்லாம பண்ணினது நான் தான்.

காலையில அஞ்சு மணிக்கு நோட்டைத் திறந்தேன். "நல்ல சேதி"ன்னு எழுதியிருந்ததைப் படிச்சேன்.

அண்ணா, அது இறங்கல. முள்ளுக்குச் சூடு சொல்ற சென்சார் கூலன்டுக்குள்ள முங்கி இருக்கணும். கூலன்ட் தீந்துட்டா சென்சார் காத்துல தொங்கும். காத்துல என்ன சூடு தெரியும்? அதான் முள்ளு விழுந்துச்சு. ஹீட்டர்ல பச்சைக் காத்து வந்ததும் அதனால தான், உள்ள சூடு கொண்டு வர ஒண்ணுமே இல்ல. நீ மூச்சு விட்ட அந்த நேரத்துல தான் இஞ்சின் வறண்டு வெந்துக்கிட்டு இருந்துச்சு.

மாடிக்கு ஓடினேன். பூட்டு. நீ போயிட்ட. டேங்கைப் பாத்தேன், காலி. அஞ்சு லிட்டர் ஊத்தினேன், அஞ்சையும் குடிச்சுது. ஸ்டார்ட் பண்ணினா டேங்குக்குள்ள குமிழி குமிழியா வருது, கொதிக்கல, ஆனா கொப்புளிக்குது. பின்னாடி வெள்ளைப் புகை. கேஸ்கெட் போயிடுச்சு.

அவங்க ஆறு பேரும் வந்து நிக்கறாங்க. அம்மா மூஞ்சி உப்பி, கண்ணு கோடு மாதிரி இருக்கா. உள்ளதைச் சொன்னேன். "வண்டி போய்ச் சேரும்னு என்னால சொல்ல முடியாது"ன்னு. அம்மா தான் முதல்ல ஏறி உக்காந்தா. "நீ ஓட்டு. நிக்கற இடத்துல நிக்கட்டும்"னா.

இருபது லிட்டர் தண்ணி எடுத்துக்கிட்டேன். பிரஷர் ஏறக் கூடாதுன்னு மூடியை முழுசா இறுக்காம ஒரு பல்லு விட்டேன், இஞ்சின் குளுந்து இருக்கும்போது தான், சத்தியமா. எட்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தினேன். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம் ஆற வெச்சு, துணியைச் சுத்தி, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத் திறந்தேன். உன்னை நெனச்சுக்கிட்டே திறந்தேன். 99. 105. 109. நாலாவது தடவை தண்ணி தீந்து போச்சு. பேங்க் மேடம் தன் பையைத் திறந்து ஒளிச்சு வெச்சிருந்த பாட்டிலை எடுத்தாங்க. அப்புறம் பாத்தா ஒவ்வொருத்தரா எடுக்கறாங்க! ஆறு பேரும் ஆளுக்கு ஒரு பாட்டில் திருட்டுத்தனமா வெச்சிருந்திருக்காங்க! அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. எல்லாத்தையும் ஊத்தினேன்.

சென்டருக்கு எண்ணூறு மீட்டர் இருக்கும்போது ஒரு சத்தம். இரும்பை இரும்பு கடிக்கற மாதிரி. அவ்வளவு தான். இஞ்சின் இறுகிப் போச்சு. சாவியைத் திருப்பினா "டக்"குன்னு ஒண்ணு, அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல.

நர்ஸுங்க வீல்சேர் கொண்டு வந்தாங்க, மூணு தான் இருந்துச்சு. மத்தவங்க நடந்தாங்க. அம்மாவை நான் முதுகுல தூக்கினேன். நீ வாத்தியாரைப் பத்திச் சொன்னது இப்பப் புரியுது. இப்ப ஆறு பேரும் மெஷின்ல இருக்காங்க. இன்னைக்குப் பொழைச்சுட்டாங்க.

நாளைக்கு?

உன் ஆறு பேரும் காலையில ஷெட்டுல வந்து நிப்பாங்க. வண்டி இங்க செத்துக் கெடக்கு. வாத்தியாருக்குப் பாதி தான் ஓடிருக்கு. லாரிக்காரர் கேபின்ல ஒரே ஒரு ஆளை ஏத்திக்கறேங்கறார். ஆறு பேர்ல ஒருத்தரை எப்படி எடுக்கறது அண்ணா? குரூப்ல அம்பது பேர்கிட்டக் கேட்டேன், எல்லாரும் வேற வேற ஊர். கேஸ்கெட் மாத்தறது எப்படின்னு சொல்லித் தராங்க. ஆறு பேரை ஏத்தறது எப்படின்னு ஒருத்தருக்கும் தெரியல.

அப்பா வாங்கின வண்டி. கொன்னுட்டேன்.

— கொசு


மார்ச் 11, செவ்வாய், சாயங்காலம்

கொசு,

நீ கொல்லல. நேத்தே நான் கொன்னுட்டேன், கொன்னுட்டு நல்ல சேதின்னு வேற எழுதி வெச்சேன். நீ செத்த வண்டியை நாப்பத்தோரு கிலோமீட்டர் ஓட்டிருக்க. அதை எந்த வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன்னு அப்புறம் சொல்லு.

ஷெட்டுல நாலு பேரைக் கேட்டேன். ரெண்டு வண்டி வெளியூர், ஒண்ணுக்கு பிரேக் இல்ல, ஒருத்தன் "சுடுதண்ணி அண்ணே, நீங்க கேட்டு இல்லைன்னு சொல்வேனா, ஆனா இல்ல"ன்னான். வாத்தியார் வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வரேன். சுவத்துல தலைகாணி வெச்சுச் சாஞ்சிருக்கார். ஒரு வாக்கியம் பேச மூணு தடவை மூச்சு வாங்கறார். லாரியில ஒரு ஆள்னா அவர் தான். ஆனா அவர்கிட்டச் சொன்னா, "மத்த அஞ்சு பேரு?"ங்கறார். பாடம் எடுக்கற மாதிரி விரலை நீட்டறார்.

அதனால ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டுத் திருப்பிப் பேசாத.

அந்த வீடியோவைத் திரும்பப் போடு.

அழிச்சுட்டேன்னு சொன்ன, உங்கிட்ட எங்கயாவது இருக்கும். போடு. சிரிப்புச் சத்தத்தையும் எடுக்காத, அது இருந்தா தான் பாப்பாங்க. நாலு லட்சம் பேர் நான் குதிச்சதைப் பாத்தாங்கல்ல, அதுல ஒருத்தன்கிட்ட வண்டி இருக்காதா? மேல எழுது: "இந்த ஆளோட வண்டி செத்துப் போச்சு. நாளைக்குக் காலையில ஆறு பேரை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். வண்டி இருக்கறவங்க இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க." பேரு போடாத, சுடுதண்ணின்னு போடு. அப்ப தான் அடையாளம் தெரியும்.

நம்பர் பழசு தான். சிம்மைத் தூக்கிப் போடல. கழட்டி ஒரு காலித் தீப்பெட்டியில வெச்சிருக்கேன். ஏன் வெச்சேன்னு கேக்காத. மெக்கானிக் வீட்டுல ஒரு பழைய போன் வாங்கிருக்கேன். எல்லா போனையும் நானே எடுக்கறேன். சிரிச்சா சிரிக்கட்டும்.

— அண்ணன்

அம்மா ராத்திரி எங்க படுப்பா? பெஞ்சுல படுக்க வெச்சா இடது பக்கம் சாய்க்காத, ஊசி போட்ட கை.


மார்ச் 11, இருட்டற நேரம்

அண்ணா,

போட்டாச்சு. லாரிக்காரர் கடைசி நடைக்குக் கிளம்பறார், அதனால சுருக்கமா.

போடறதுக்கு முன்னாடி திரும்பப் பாத்தேன். நாலு மாசமா பாக்கல. சத்தத்தை அணைச்சுட்டுப் பாத்தேன். நீ குதிக்கற, சரி. ஆனா குதிச்சுட்டு முதல் வேலையா என்ன பண்ற தெரியுமா? வெந்த கையை இடுப்புல அழுத்திக்கிட்டு, இன்னொரு கையால "கிட்ட வராத"ன்னு என்னைத் தள்ளற. அந்த ஒரு செகண்டை நான் அப்போ வெட்டித் தூக்கியிருந்தேன், சிரிப்பு குறையுதுன்னு. இப்போ சேத்துப் போட்டிருக்கேன். பதிமூணு செகண்டு.

அம்மா வலது பக்கம் தான் படுத்திருக்கா. நர்ஸ் போர்வை குடுத்தாங்க.

போனை எடு அண்ணா.

— கொசு


மார்ச் 12, புதன், காலை

கொசு,

இதை நானே கையில கொண்டு வந்து தரேன். நேர்ல பாத்தா வாய் வராது, அதான் எழுதி எடுத்துட்டு வரேன். நான் குடுத்துட்டு வேற பக்கம் திரும்பி நிப்பேன், நீ படிச்சுக்கோ.

முன்னூறு போன் கால் வரைக்கும் எண்ணினேன், அப்புறம் எண்ணல. முக்காவாசிப் பேர் சுடுதண்ணி கேட்டாங்க. "இருக்கு, வண்டி இருக்கா?"ன்னேன். சில பேர் அப்படியே வெச்சுட்டாங்க. ஒரு சின்னப் பையன் குரல், "அங்கிள் கை சரியாயிடுச்சா?"ன்னு கேட்டுட்டு, பதில் சொல்றதுக்குள்ள வெச்சுட்டான். அவ்வளவு நேரம் தாங்கினவன் அதுக்கு உக்காந்து அழுதேன்.

வண்டி கெடைக்கல. லாரிக்காரரை வரச் சொல்லிட்டு வாத்தியாருக்குச் சட்டை மாட்டப் போயிட்டேன். அப்போ ஒரு கால். "அண்ணே, போன தடவை உங்களுக்கு நாலு தடவை அடிச்சு சிரிச்சவன் நான் தான். ஸ்கூல் வண்டி ஓட்டறேன். இன்னைக்குப் பரீட்சை லீவு. எங்க வரணும்?"

வந்துட்டான். மஞ்சள் வண்டி, சின்னப் பசங்க சீட்டு. ஆறு பேரும் முழங்காலைத் தாடையில முட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. வாத்தியாரை முன்னாடி சாய்ச்சு வெச்சிருக்கேன். உதடு நீலமா இருக்கு கொசு, போய்ச் சேரணும். மூச்சு வாங்கிக்கிட்டே என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "வீட்டுப்பாடம்... எழுதல... அடிப்பாங்களா?"ன்னார். சிரிக்கவும் முடியல.

நாளைக்கு உன் ஆறு பேருக்கு என்ன பண்றதுன்னு தெரியல. இவனுக்கு நாளைக்கு ஸ்கூல் இருக்கு. திரும்ப அந்தப் போனை எடுத்துக்கிட்டு உக்கார வேண்டியது தான். நீயும் கூட உக்காரு. பாதி நீ எடு, பாதி நான் எடுக்கறேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறக்கச் சொன்னேன். "இப்ப தானே ஓட்டிட்டு வந்தேன், நம்ப மாட்டீங்களா சுடுதண்ணி அண்ணே?"ன்னான். நம்பறேன், திறன்னேன். மூடியைத் தொடல. டேங்குக்கு வெளியில கோடு போட்டிருக்கு, வெளியில இருந்தே தெரியும், ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்தோம்.

நம்ம நோட்டு மேல உங்கிட்ட இருக்கு. அதனால இதுலயே எழுதறேன், நீ அதுல ஒட்டிக்கோ.

மார்ச் 12. ஆறு பேர். அளவு சரி.

இந்தத் தடவை நிஜம்.

— அண்ணன்